குறைசக்திக் கோபுரமும் கோயில் ஒலிபெருக்கியும்

புறக்கோட்டையிலிருந்து புறப்படும் 138ஆம் இலக்க பஸ் வண்டி நுகேகொடைச் சந்தியைக் கடந்து, ஹைலெவல் வீதி வழியே மகரகமையையும் தாண்டிச் சென்றால் பன்னிப்பிட்டி வரும். நாடோறும் அவ்வழியே போய்வரும் மாணவர்களுட் பெரும்பாலோர் அவ்வூரின் பெயரைப் பலகையில் வாசித்திருப்பர். இந்நாட்டுப் பண்பாட்டு வரலாற்றில் அவ்வூருக்கு ஓரிடம் உண்டென்பதை அறிந்திரார். இலங்கையின் முதலாவது தொலைக்காட்சி நிலையம் அங்கேதான் பிறந்தது. 1979 ஏப்ரல் 13ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, மஹல்வராவ என்னும் தோட்டத்து வீட்டிலிருந்து ஒரு சிறிய ஒளிபரப்புக் கருவி இயங்கத் தொடங்கிற்று. அதன் அலை கொழும்பையும் சுற்றுப்புறங்களையும் தாண்டிச் செல்லவில்லை. கண்டிக்கோ காலிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அது எட்டாத அதிசயம். இன்றைய மொழியிற் சொன்னால் அது ஒரு குறைசக்தி நிலையம்.

அந்நிலையம் தனியார் கையில் எட்டு வாரங்கூட இருக்கவில்லை. அதே ஆண்டு ஜூன் 5ஆம் திகதி அரசாங்கம் அதனைத் தன்வசமாக்கிக் கொண்டது. அதனை நிறுவியோர் ஏழைகளல்லர். ஷான் விக்ரமசிங்க, அன்று அமைச்சராயிருந்த ரணில் விக்கிரமசிங்கவின் உடன்பிறந்தவர். அனில் விஜேவர்தனவும் ஆளுங் குடும்பங்களோடு நெருங்கிய உறவுடையவர். ஆகவே இது சாமானியன் கட்டிய கோபுரத்தை அரசு பிடுங்கிக்கொண்ட கதையன்று. மேல்வீட்டார் கட்டியதை மேல்வீட்டார் எடுத்துக்கொண்ட கதை. எனினும் ஒன்று மட்டும் உண்மை. ஓர் அயலுக்கென்றே பேசும் தொலைக்காட்சி என்ற எண்ணம் இத்தீவில் ஒரேயொரு முறை தலைகாட்டிற்று; காட்டிய வேகத்திலேயே மறைந்தும் போயிற்று.

இப்பழங்கதையை இப்பொழுது நாம் எடுப்பதற்குக் காரணம் எமது வகுப்பறை. சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவருக்குச் 'சமயமும் தொலைக்காட்சியும்' என்ற பொருளிற் கட்டுரை எழுதுமாறு பணித்தோம். ஒரு மாணவன், அது எமக்குப் பிடிக்கும் என்று கருதிப் போலும், சமயம் மக்களை மயக்கும் மருந்து, தொலைக்காட்சி அதனை ஊட்டும் கரண்டி என நான்கு பக்கம் எழுதியிருந்தான். அவனுக்கு நாம் குறைந்த புள்ளியே இட்டோம். அவன் இன்னும் எம்மோடு சரியாகப் பேசுவதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் இன்னொரு மாணவன் ஒன்றரைப் பக்கந்தான் எழுதினான். தொலைக்காட்சி இல்லாதிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை தன் அம்மம்மாவுக்குப் பூசை இருந்திராது என்பதே அதன் சாரம். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அவன் விளக்கவில்லை. விளக்க வேண்டியதுமில்லை. முதல் மாணவனின் கட்டுரை எம்முடைய குரலை எமக்கே திருப்பித் தந்தது. இரண்டாமவனின் கட்டுரைக்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. அம்மறுமொழியைத் தேடும் முயற்சியே இது.

மதஞ் சார்ந்த சிறு தொலைக்காட்சி நிலையம் என்ற வடிவம் உண்மையில் வேர்விட்டது ஐக்கிய அமெரிக்காவில். அங்குள்ள கூட்டரசுத் தொடர்பாடல் ஆணைக்குழு 1982இல் 'குறைசக்தித் தொலைக்காட்சி' என ஒரு புதிய வகுப்பைத் தோற்றுவித்தது. பத்து வாட்டிலிருந்து ஆயிரம் வாட்டு வரை வலுவுடைய சிறு கருவிகள். ஒரு பட்டினத்தையோ ஒரு பள்ளத்தாக்கையோ எட்டினாற் போதும். பெருநிலையங்கள் திரும்பிப் பாராத சிற்றூர்களும் சிறுபான்மையினரும் தம் குரலைத் தாமே கேட்கட்டும் என்பது அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. விண்ணப்பங்கள் மலைபோற் குவிந்தன. ஒவ்வொன்றையும் ஆராய்ந்து தகுதி காண இயலாத நிலையில், ஈற்றிற் குலுக்கல் முறையால் உரிமம் வழங்க வேண்டியதாயிற்று. ஆகாயத்தைச் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்ட காட்சியை முதலாளித்துவ ஜனநாயகத்தின் ஒரு சித்திரமாகவே கொள்ளலாம்.

அவ்வாறு எழுந்த நிலையங்களுட் கணிசமானவை திருச்சபைகளைச் சேர்ந்தவை. காரணம் எளிது. திருச்சபைக்கு ஒரு மண்டபம் இருக்கிறது. வாரந்தோறும் நிகழ்ச்சி இருக்கிறது. ஊதியம் கேளாது உழைக்கும் அடியார் கூட்டம் இருக்கிறது. கூரையிலோ குன்றிலோ ஒரு கோபுரமும், ஒரு படக்கருவியும் இருந்தால் நிலையம் தயார். ஞாயிறு வழிபாட்டை ஒளிநாடாவிற் பதிந்து வாரம் முழுதும் திரும்பத் திரும்பக் காட்டலாம். ஒளி மங்கலாயிருக்கும், ஒலி இரையும், பாடகர் குழுவில் ஒரு கிழவர் சுருதி தப்புவார். ஆனால் பார்ப்பவருக்கு அக்கிழவரைத் தெரியும். அவர் பல்வைத்தியரிடம் போய்வந்த கதையும் தெரியும். பெருநிலையத்தின் பளபளப்பிற் கிட்டாத ஒன்று இங்கே இருந்தது. இதை மறைப்பது விமரிசன நேர்மையாகாது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அமெரிக்கச் சட்டம் இச்சிறு நிலையங்களை இரண்டாந் தரக் குடிகளாகவே வைத்தது. பெருநிலையம் ஒன்றுக்கு அதே அலைவரிசை தேவைப்பட்டால் சிறுநிலையம் வழிவிட வேண்டும். பெருநிலையத்தின் இடையூற்றைப் பொறுக்க வேண்டும். தான் இடையூறு செய்தால் மூட வேண்டும். இத்தகைய பாதுகாப்பற்ற நிலத்தில் யார் தரித்து நிற்பார்? பின்பலம் உள்ளவரே. 1973இல் கலிபோர்னியாவிற் போல் குரவுச்சும் ஜான் குரவுச்சும் தொடங்கிய 'டிரினிட்டி' வலையமைப்பு போன்ற பெரும் மத ஸ்தாபனங்கள் இக்குறைசக்தி உரிமங்களைப் பெருந்தொகையாகச் சேர்த்துக் கொண்டன. அவற்றுட் பல வெறும் எதிரொலிக் கருவிகள். செய்மதியிலிருந்து கலிபோர்னியாவின் நிகழ்ச்சியை வாங்கி, ஊரார்மீது பொழிவதே அவற்றின் தொழில். அறையில் மனிதர் இல்லை, படக்கருவி இல்லை, ஊர் இல்லை. வாட்டு அதே சிறிய வாட்டுத்தான். கோபுரமும் அதே சிறிய கோபுரந்தான்.

இங்கேதான் விமரிசகன் கண் திறக்க வேண்டும். 'சிறியது' என்ற சொல்லே நல்லது என்று எம்மவர் பலர் நினைக்கின்றனர். சிறு பத்திரிகை, சிறு பதிப்பகம், சிறு நிலையம் என்றவுடன் எமக்கு ஓர் உருக்கம் வந்துவிடுகிறது. (எமக்கும் அந்த நோய் உண்டு, இல்லையென்றால் இத்தகைய பத்திரிகைக்கு எழுதுவோமா?) ஆனால் மின்சாரத்தின் அளவு வேறு, சமூக உறவின் அளவு வேறு. பத்து வாட்டுக் கருவி ஒரு பேரரசின் குழாயாக இருக்க முடியும். பேசுபவன் யாருக்குப் பதில் கூறக் கடமைப்பட்டவன் என்பதே கேள்வி.

ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் 1932இல் வானொலி பற்றி எழுதிய கட்டுரையில் இதனை முன்னரே உணர்த்தியுள்ளார். வானொலி ஒருபக்கமாகவே பேசுகிறது. கேட்பவனையும் பேசவைக்கும் கருவியாக அதனை மாற்றவேண்டும் என்பது அவர் வாதம். அறிவியலுக்கு அது அரிதன்று. கருவியை வைத்திருக்கும் சமூகமே அதனை விரும்பவில்லை. மதத் தொலைக்காட்சிக்கு இவ்வாதத்தைப் பொருத்திப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். அதில் கேட்பவன் பேசுவதற்கு ஒரேயொரு வழி திறந்திருக்கிறது, அது காசுக்கட்டளை. காணிக்கை அனுப்புவோரின் பெயர் வாசிக்கப்படும். நோய் தீர்ந்தோரின் சாட்சியம் காட்டப்படும். தீராதவர் திரையில் வருவதில்லை. 1987இல் ஜிம் பேக்கர் என்னும் தொலைக்காட்சிப் போதகரின் பெருஸ்தாபனம் சரிந்ததையும், அடியாரை ஏமாற்றிப் பணந் திரட்டிய குற்றத்துக்காக அவர் 1989இல் தண்டிக்கப்பட்டதையும் உலகறியும். ஆனால் அவரை ஒரு தனிக் கயவராகக் காட்டி முடித்துவிடுவது பிழை. கேள்வி கேட்க முடியாத பார்வையாளர், கணக்குக் காட்ட வேண்டாத மேடை, இவ்விரண்டும் சேர்ந்த இடத்தில் பேக்கர் இல்லையெனில் இன்னொருவர் வருவார்.

அமெரிக்கச் சிறுநிலையங்களின் பிற்காலத்தையும் சுருங்கக் கூறிவிடுகிறோம். 2009 ஜூன் 12இல் அந்நாட்டுப் பெருநிலையங்கள் பழைய அலைமுறையைக் கைவிட்டு எண்முறைக்கு மாறின. சிறியவற்றுக்கு 2021 ஜூலை 13 வரை தவணை கிடைத்தது. இடையில், 2017இல் முடிவுற்ற பெரும் ஏலத்தில் தொலைக்காட்சி அலைவரிசைகளின் ஒரு பகுதி கைத்தொலைபேசிக் கம்பனிகளுக்கு விற்கப்பட்டது. ஏலத்தொகை ஏறத்தாழ 1,980 கோடி டொலர். அலைவரிசையை விட்டுக்கொடுத்த பெருநிலையங்களுக்கு அதிற் பங்கு கிடைத்தது. சட்டத்தின் பாதுகாப்பற்ற குறைசக்தி நிலையங்களோ வேறிடம் தேடி நகர்ந்தன. இடம் கிடையாதவை அணைந்தன. சுருதி தப்பிய கிழவரின் நிலையம் கடவுளை நம்பியிருந்தது. காணி உறுதி அதனிடம் இருக்கவில்லை.

இனி எம் நாட்டுக்கு வருவோம். பன்னிப்பிட்டிக் கோபுரத்தை எடுத்துக்கொண்ட அரசு, 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஜப்பானிய நன்கொடையுடன் ரூபவாஹினியைத் தொடங்கிற்று. இம்முறை கருவி தோட்டத்து வீட்டில் இல்லை. நாட்டின் அதியுயர் மலையாகிய பிதுருதலாகலையின் உச்சியில் ஏறிற்று. அயலுக்குப் பேசும் தொலைக்காட்சி போய், மலையிலிருந்து நாட்டுக்குப் பேசும் தொலைக்காட்சி வந்தது. தனியாருக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தை அதே ஆண்டின் ரூபவாஹினிச் சட்டம் அமைச்சரின் கையில் வைத்தது. 1990களிற் தனியார் நிலையங்கள் வரலாயின. அவற்றைப் பெற்றோர் யாரென்று நாம் கூறவேண்டியதில்லை. பன்னிப்பிட்டியின் ஷான் விக்ரமசிங்க 1993இல் மீண்டும் ஒரு நிலையத்துடன் வந்தார் என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம்.

1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் ஒரு முக்கிய தீர்மானத்தை வழங்கியது. அலைவரிசைகள் பொதுச்சொத்து, வரையறையுள்ள அச்சொத்தை ஒழுங்குபடுத்தும் சபை அரசின் கட்டுக்கு வெளியே சுதந்திரமாக இயங்கவேண்டும் என்பது அதன் கருத்து. சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதெனக் கண்டு அதனை நிறுத்தியது நீதிமன்றம். கெட்ட சபை வராமற் தடுத்தார்கள், நல்லது. நல்ல சபையை எவரும் கட்டவில்லை. பொதுச்சொத்தெனத் தீர்க்கப்பட்ட ஆகாயம் அமைச்சரின் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. சமுதாய வானொலி என்று பேசப்பட்டவைகூட, 1981இல் தொடங்கிய மகாவலிச் சமுதாய வானொலியும் 1989இல் எழுந்த கொத்மலையும், ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் சிறகின்கீழ் வளர்ந்தவையே. ஊர்ச் சங்கமோ தொழிற்சங்கமோ கோயிற் சபையோ தன்பெயரில் ஓர் அலைவரிசையை வைத்திருக்கும் வழக்கம் இங்கு ஏற்படவில்லை.

அதன் விளைவு என்ன? மதம் திரையை விட்டு விலகியதா? இல்லை. பெருஸ்தாபனமாக வந்தது. கொழும்பு 7இலுள்ள ஸ்ரீ சம்போதி விகாரையைச் சேர்ந்த 'த புத்திஸ்ற்', மகாமெவ்னாவ மடத்தோடு தொடர்புடைய 'ஷ்ரத்தா' ஆகிய அலைவரிசைகள் செய்மதி வழியும் கேபிள் வழியும் நாடெங்கும் செல்கின்றன. தமிழருக்கு வந்தவை பெரும்பாலும் கடல் கடந்தவை. சென்னையிலிருந்து மாதா தொலைக்காட்சியும் ஏஞ்சல் தொலைக்காட்சியும் வெள்ளவத்தை மாடிவீடுகளுக்குள்ளே பேசுகின்றன. நுகேகொடையில் எம் அடுத்த வீட்டாரின் பௌத்தமும், வெள்ளவத்தையில் எம் உறவினரின் சைவமும், கொட்டாஞ்சேனையில் எம் மாணவரின் கத்தோலிக்கமும் ஒரே நகரத்தில் மூன்று தனிக்குழாய்களில் ஓடுகின்றன. பக்கத்து வீட்டாரின் வழிபாடு என்னவென்று காட்டும் குழாய் ஒன்றுமில்லை. சிங்களப் பையன் தேரைக் கண்டறியான். தமிழ்ப் பையன் பிரித் ஓதலின் பொருள் அறியான். ஒருவருடைய ஓசை மற்றவருக்கு இரைச்சலாகவே எட்டுகிறது.

இரைச்சல் என்றதும் நினைவுக்கு வருகிறது. நாம் மத நிலையத்தைத் தேடி அமெரிக்கா வரை போய்வந்தோம். எம் கூரைக்கு மேலேயே அது இருந்தது. இந்நாட்டின் மெய்யான குறைசக்தி மத ஒலிபரப்பு நிலையம் ஒலிபெருக்கிதான். விகாரையில், கோயிலில், பள்ளிவாசலில், தேவாலயத்தில் கட்டப்பட்ட அந்தக் குழலுக்கு உரிமம் குலுக்க வேண்டியதில்லை. வாங்கும் கருவி வேண்டியதில்லை. கேட்க விரும்பாதவனும் நேயரே. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தி 2007இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அவ்வழக்கு வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்றை ஒட்டி எழுந்தது. கட்டளையோ எல்லா மதத்தாருக்கும் பொது. கட்டளை எவ்வளவு தூரம் மதிக்கப்படுகிறதென்பதை, பெருநாட்காலத்திற் பரீட்சைக்குப் படிக்கும் எந்த மாணவனிடமும் கேட்டறியலாம்.

வேடிக்கையாகச் சொன்னாலும் இது வேடிக்கையன்று. கொட்டாஞ்சேனையில் 1883 மார்ச் 25ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தீபதுத்தாராம விகாரைக்குச் சென்ற பௌத்த ஊர்வலம் சாந்த லூசியாப் பேராலயத்தின் அருகே தாக்கப்பட்டது. அவ்விகாரை, பாணந்துறை வாதத்தில் வாதாடிய மீகெட்டுவத்தே குணானந்த தேரர் வாழ்ந்த இடம். ஒரு சமயத்தாரின் கொண்டாட்ட ஓசை மற்றச் சமயத்தாரின் புனித நாளோடு மோதிற்று. வதந்தி இடையிற் புகுந்து எண்ணெய் வார்த்தது. அங்கே எந்தக் கம்பியும் இல்லை, எந்த வாட்டும் இல்லை. ஒரு தெருவைக் கடந்து செல்லும் ஓசைக்கு எவ்வளவு வலு உண்டென்பதைக் கொட்டாஞ்சேனை அன்றே கண்டுவிட்டது.

சமயத்தார் புதிய சாதனங்களைக் கைக்கொள்வது எமக்குப் புதிதுமன்று, இழிவுமன்று. அமெரிக்க மிஷனரிமார் 1841இல் யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை'யை வெளியிட்டனர். ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1849இற் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். எதிரியின் கருவியை எடுத்து எதிரிக்கே பதில் கூறினார். அவருடைய சாதிநோக்கை நாம் ஏற்கவில்லை. பலமுறை கண்டித்து எழுதியுமிருக்கிறோம். ஆயினும் அச்சியந்திரத்தில் ஒரு நியாயம் இருந்தது. ஒருவர் கண்டனம் எழுதினால் மற்றவர் அதற்கு மறுப்பெழுதலாம். கண்டனமும் மறுப்பும் மறுப்பின் மறுப்புமாகத் தமிழ் உரைநடை வளர்ந்த வரலாறு எம் மாணவர்க்குப் பாடமாகவே உள்ளது. தொலைக்காட்சிக்கு மறுப்பெழுத எங்கே இடம்?

அயல்நாட்டு அனுபவம் ஒன்றையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். இந்திய அரசு 1984இல், ஏறத்தாழ நாளுக்கொன்று என்ற வேகத்தில், தூர்தர்ஷனின் சிறு ஒளிபரப்பிகளை நாடெங்கும் நிறுத்தியது. அவையும் குறைசக்திக் கருவிகளே. நூறு வாட்டுக் கருவிகள், ஒவ்வொரு நகரத்தையும் சுற்றியுள்ள சில மைல்களுக்கு. ஆனால் அவை உள்ளூரின் வாயல்ல, டெல்லியின் காதுக்குழாய்கள். அக்குழாய்களின் வழியே 1987 ஜனவரி 25 முதல் ஞாயிறுதோறும் காலையில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' பாய்ந்தது. மக்கள் குளித்துவிட்டு வந்து தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை சூட்டி அமர்ந்தனர். மதச்சார்பற்ற அரசின் நிலையம் ஞாயிறு காலையிற் கோயிலாயிற்று. ஊருக்கு ஊர் வேறுபட்ட இராமகதை, கூத்திலும் தாலாட்டிலும் நூறு முகங்கொண்ட இராமகதை, ஒரே முகம் பூண்டது. 1992 டிசம்பர் 6இல் அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்ட அரசியலுக்கும் இத்தொடருக்கும் உள்ள உறவை அரவிந்த் ராஜகோபால் 2001இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். தொடரைப் பார்த்த கிழவி மசூதியை இடிக்கவில்லை. அவள் பக்தியை வாடகைக்கு எடுத்தவர்கள் வேறு. ஆனால் அவ்வாடகைக்கு வாசலைத் திறந்துவைத்தது அக்குழாயே.

இனி எதிர்ப்பக்க உதாரணம் ஒன்றும் கூறவேண்டும். இல்லையெனில் எம் முதல் மாணவனின் கட்டுரையையே நாமும் எழுதியவராவோம். மணிலாவிலிருந்து கத்தோலிக்க ஆயர்கள் நடத்திய வெரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியை வடபுலத்தார் மறக்கமாட்டார்கள். போர்க்காலத்தில், மின்சாரமுமின்றி, பற்றரியும் கிடையாத நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைக் கையாற் சுழற்றி டைனமோவின் வலுவில் அதனைக் கேட்ட குடும்பங்கள் பல. கேட்டவர்கள் எல்லோரும் கத்தோலிக்கரல்லர். சைவரும் கேட்டனர், கடவுளை நம்பாதாரும் கேட்டனர். கடல் கடந்து நேயர் கடிதங்கள் சென்றன, அவை வாசிக்கப்பட்டன. சிற்றலையிற் பேசிய அந்நிலையம் பெருவலுவுடையது, தொலைவிலுள்ளது, மத ஸ்தாபனத்துக்குச் சொந்தமானது. எம் அளவுகோலின்படி எல்லா வகையிலும் பிழையானது. ஆயினும் மக்களின் துயரத்துக்குச் செவிசாய்த்த அளவுக்கு அது அயல் வீடாயிற்று. சிற்றலையில் அதன் ஒலி 2018இல் ஓய்ந்தது.

இப்பொழுது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து, 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28, தேவாலயங்கள் பூட்டியிருந்தன. கர்தினால் மல்கம் ரஞ்சித் தம் இல்லத்துச் சிற்றாலயத்திற் பூசை ஒப்புக்கொடுத்தார். தொலைக்காட்சி அதனை நேரே ஒளிபரப்பியது. எம் மாணவன் எழுதியது அந்தப் பூசையைத்தான்.

கட்டுரையைத் திருப்பிக் கொடுத்த வாரத்தில் அவன் எம்மை வீட்டுக்கு அழைத்தான். கொட்டாஞ்சேனையில் இரண்டாம் மாடி. ஓர் அறையும் ஒரு விறாந்தையும். அம்மம்மா எண்பதைத் தாண்டியவர். முழங்கால் வாதத்தால் படியிறங்குவதில்லை. அன்று எப்படி இருந்ததென்று கேட்டோம்.

"கோயிலுக்குப் போகவும் பயம் தம்பி, போகாமல் இருக்கவும் பயம். ரீவியிலே பூசை எண்டாப்போல, மெழுகுதிரி ஏத்தி வைச்சன். நற்கருணை நேரம் என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை. வாயைத் திறந்தன். பிறகு மூடிப்போட்டன்."

நாம் இத்துறையில் வாசித்த எந்நூலும், 1974இல் ரேமண்ட் வில்லியம்ஸ் தொலைக்காட்சி பற்றி எழுதிய அருமையான நூல் உட்பட, இச்சாதனத்தின் எல்லையை இத்துணைத் தெளிவாக எமக்குக் காட்டியதில்லை. திறந்த வாயை மூடவைக்கும் சாதனம் அது. ஆனால் அன்று அதுவும் இல்லாதிருந்தால் மெழுகுதிரி ஏற்றவும் ஒரு காரணம் இருந்திராது. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்கும் விமரிசனமே எமக்கு வேண்டும்.

எம் ஆசிரிய நண்பர் ஒருவர் இக்கட்டுரையின் முதற்படியை வாசித்துவிட்டு, மத நிலையங்கள் அனைத்தையும் தடைசெய்ய வேண்டுமென்று எழுதாமல் விட்டது கோழைத்தனம் என்றார். தடைசெய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கும் என்று கேட்டோம். அமைச்சர் கையில் என்றார். எந்த அமைச்சர் என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். 1979இற் கோபுரத்தை எடுத்த கை அது. நாளை எடுக்கும்போது எண்ணிக்கையிற் குறைந்தவனின் கோபுரத்தையே முதலில் எடுக்கும். இடதுசாரிகள் கேட்கவேண்டியது வேறு. 1997இல் நீதிமன்றம் கூறிய சுதந்திரச் சபை எங்கே என்று கேட்கவேண்டும். அலைவரிசை வைத்திருக்கும் மத ஸ்தாபனம் தன் காணிக்கைக் கணக்கைப் பொதுமக்கள் பார்வைக்கு ஏன் வைக்கக்கூடாது என்று கேட்கவேண்டும். ஒரு சமயத்தாரைப் பழித்துரைத்த நிலையம் அவர்தம் மறுமொழியை அதே நேரத்தில் அதே அளவுக்கு ஒளிபரப்பக் கடமைப்படவேண்டும். நுகேகொடையைச் சுற்றி இரண்டு பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன: நாவலையிலே திறந்த பல்கலைக்கழகம், கங்கொடவிலையிலே வித்தியோதய பிரிவெனாவின் வழிவந்த ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம். அங்கே மாணவரும் கருவிகளும் உண்டு. விகாரை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் நான்கையும், எவற்றையும் நம்பாத தொழிற்சங்கத்தையும், ஒரே அலைவரிசையில் முறைவைத்துப் பேசவிடும் ஒரு குறைசக்தி நிலையத்தை அங்கே தொடங்குவதற்குத் தடையாய் நிற்பது பொறியியலன்று, உரிமமே.

நண்பர் இதனையும் ஏற்கவில்லை. கோயிலும் தொழிற்சங்கமும் ஒரே கோபுரத்திலா என்று கேட்டார். ஹைலெவல் வீதியில் ஒரே பஸ்ஸிற் போகவில்லையா என்றோம்.

கொட்டாஞ்சேனையில் விடைபெறும் வேளையில் மாணவன் எமக்காகத் தொலைக்காட்சியை முடுக்கி, எந்த நிலையத்தில் அம்மம்மா ஞாயிறு பூசை பார்ப்பார் என்று காட்ட முயன்றான். பாடல் அறையெங்கும் அதிர்ந்தது. கிழவி கையை அசைத்தார்.

"சத்தத்தைக் குறை மோனை. பக்கத்து வீட்டுப் பொடியன் ராவேலை முடிஞ்சு இப்பதான் வந்து படுத்திருக்கிறான்."

பக்கத்து வீட்டார் யாரென்று கேட்டோம். முஸ்லிம் குடும்பம் என்றான் பையன், ஒலியைக் குறைத்துக்கொண்டே.